கணக்குப் போட்டு ஸ்பாமைத் தடுக்கும் முறை: யார் யார் முயன்று பார்த்தீர்கள்?

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக அழைப்பை மெயிலில் அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. புள்ளிகளில், அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், பாதிப் பேர் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இருக்கிறார்கள். பலருக்கு அழைப்பு ஸ்பாமில் போய் விழுந்துவிட்டது. "எங்களை விட்டுட்டீகளா?" என்று ஆச்சிமார் போனில் கேட்டார்கள். அழைப்பு விட்டுப்போவது எங்கள் பக்கம் சின்ன விஷயமே இல்லை.

வழி தேடியபோதுதான் ஹேஷ்கேஷ் கிடைத்தது. மெயில் அனுப்பும் கணினியை முதலில் ஒரு கணக்குப் போட வைக்கும் முறை அது. ஆடம் பேக் 1997-இல் கொண்டுவந்தது. சிந்தியா டுவார்க், மோனி நாவோர் என்ற கணினி ஆய்வாளர்கள் 1992-லேயே இதே யோசனையை எழுதியிருக்கிறார்கள். அனுப்பும் கணினி ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக ஒரு முத்திரை தயாரிக்க வேண்டும். பெறுபவர் முகவரி, தேதி, கூடவே ஓர் எண், எல்லாவற்றையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்கு முறையில் கொடுத்தால், விடையாக வரும் 0, 1 வரிசையில் முதல் 20 பிட்டும் பூஜ்யமாக வர வேண்டும். எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பது தவிர குறுக்குவழி கிடையாது. சராசரியாகப் பத்து லட்சம் முயற்சிக்கு மேல் ஆகும். பெறுபவர் சரிபார்க்க ஒரே தடவை போதும்! நாலு பேருக்கு எழுதுகிறவருக்கு இது பாரமில்லை, லட்சக்கணக்கில் அனுப்பும் ஸ்பாம்காரனுக்குக் கட்டுப்படியாகாது. காசு கைமாறாது, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அந்த யோசனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஆனால் கோயில் அலுவலகத்தில் இருந்தது பழைய கணினி. முழுப் பட்டியலையும் ஓட்டினால் ரசீது போடும் வேலை நின்றுவிடும். முத்திரையைப் பார்க்கும் சர்வர்களும் எதிர்ப்பக்கம் குறைவு. ஸ்பாமை வடிகட்டும் ஸ்பாம்அசாசின் மென்பொருள் அதற்கு நல்ல மெயில் என்று மதிப்பெண் கொடுத்தது, பெரிய மெயில் சேவைகளில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

மறுமொழி, காரைக்குடியிலிருந்து:

அண்ணே, நான் கணினி சர்வீஸ் பார்க்கிறவன். கடைக் கணினி ஒன்று ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால், உள்ளே புகுந்த வைரஸ் ராப்பகலாக ஸ்பாம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கடைக்காரருக்கு எதுவுமே தெரியாது. ஒவ்வொரு மெயிலுக்கும் முத்திரை கட்டாயம் என்றாலும், அந்தக் கணக்கைப் போடப்போவது அவர் கணினி, கரன்ட் பில்லும் அவருக்குத்தான். அனுப்புகிறவனுக்கு ஒரு பைசா செலவில்லை. பென் லாரி, ரிச்சர்ட் கிளேட்டன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2004-இல் இதைத்தான் கணக்கிட்டுக் காட்டினார்கள்: ஸ்பாம்காரனைத் தடுக்கும் அளவுக்குக் கணக்கைக் கடினமாக்கினால், நியாயமாக நிறைய மெயில் அனுப்புகிறவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். உங்கள் கோயிலுக்கு நடந்தது அதுதான்.

முதலில் எழுதியவர்:

சரி தம்பி, அந்தக் கடைக்காரர் கதை எனக்கும் நியாயமாகப் படுகிறது. ஆனாலும் இந்த முறையை முழுசாக ஒதுக்க எனக்கு மனம் இல்லை. தமக்கு அடிக்கடி எழுதுகிறவர்கள் என்று பெறுபவர் குறித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம் என்று 1992 கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்படி வைத்தால் கோயில் பட்டியல் தப்பித்துவிடும்.

இப்போதைக்கு, மெயில் உண்மையில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் போட்டோம். புள்ளிகளிடம் எங்கள் முகவரியைச் சேமித்து வைக்கச் சொன்னோம். அழைப்பு பெரும்பாலும் போய்ச் சேர்கிறது. வெளிநாட்டுப் பட்டியல் வைத்திருக்கும் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.