மாறாதுன்னு நம்பினது மாறிடுச்சா, மாறும்னு நம்பினது மாறலையா? உங்க அனுபவம் சொல்லுங்க

லாஸ்பேட்டை பையன்:
முத்தியால்பேட்டை மளிகைக் கடைக்கு பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழியில பில் புரோகிராம் எழுதினேன். பில் போடற ஃபங்ஷன்ல (பேர் வெச்சுக் கூப்பிடற புரோகிராம் துண்டு) கூடை=[] னு, அதாவது எதுவும் கொடுக்கலைன்னா காலி லிஸ்ட்னு, டீஃபால்ட் வெச்சிருந்தேன். முதல் நாள் ரெண்டாவதா வந்த அம்மா, பில்லைக் கண்ணுக்குக் கிட்ட பிடிச்சு வரி வரியா விரலை ஓட்டிப் படிச்சாங்க. "துவரம்பருப்பு நான் வாங்கவே இல்லையே தம்பி." அது முன்னாடி வந்தவர் வாங்கினது. கடைக்காரர் ஒண்ணும் பேசாம பில்லைக் கிழிச்சுட்டு, துண்டுச்சீட்டுல பேனாவால கணக்குப் போட ஆரம்பிச்சார்.

மஞ்சக்குப்பம் 77:
எனக்கும் லிஸ்ட்ல அடி விழுந்திருக்கு, அது கிடக்கட்டும். டீஃபால்ட் ஒரே தடவைதான் உருவாகும், ஃபங்ஷனை டிஃபைன் பண்றப்போ. அப்புறம் எல்லா பில்லுக்கும் அதே லிஸ்ட்தான். அதனால 'நன்'னு (None, ஒண்ணுமில்லைன்னு) வெச்சு, உள்ளே புது லிஸ்ட் போடுங்க. டியூப்பிள்னா (மாத்த முடியாத வரிசை) பத்திரம்னு நம்பாதீங்க. அதுக்குள்ள லிஸ்ட் இருந்தா அந்த லிஸ்ட் மாறத்தான் செய்யும், டிக்‌ஷனரிக்கு (சாவியைக் கொடுத்தா மதிப்பைத் தர்ற பட்டியல்) சாவியாவும் ஆகாது. ஒரே லிஸ்டுக்கு ரெண்டு பேர் வெச்சிருந்தா, ஒண்ணுல += (சேர்க்கற குறி) போட்டதும் ரெண்டுலயும் மாறும். தமிழைப் பாருங்க, விகுதி (சொல்லோட கடைசி உறுப்பு) மாறும், பகுதி (முதல் உறுப்பு) மாறவே மாறாது. அப்படி எழுதணும்.

திருப்பாதிரிப்புலியூர் டீச்சர்:
பகுதி மாறாதுன்னு 77 சொன்னது தப்பு, அதுக்குத்தான் எழுதறேன். பத்தாம் வகுப்பு, கடைசி பீரியட். வந்தான் = வா(வ) + த்(ந்) + த் + ஆன். "பகுதி மாறாதுன்னீங்களே டீச்சர், வா எப்படி வ ஆச்சு?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. "விகாரம், எழுதிக்கோ"ன்னுட்டேன் (விகாரம்னா சேர்றப்போ எழுத்து மாறறது). உட்கார்ந்துட்டா. மணி அடிக்கிற வரைக்கும் அடைப்புக்குறிக்குள்ள இருந்த அந்த 'வ'வைச் சுத்தியே பென்சிலால வட்டம் போட்டுக்கிட்டிருந்தா. 'வருகிறான்'ல அதே வா 'வரு' ஆகுது. 'படி' படித்தான்லயும் படிதான். இதையாவது சொல்லியிருக்கலாம்.

அரியாங்குப்பம்:
டீச்சர், அது ஸ்ட்ரிங் (புரோகிராம்ல எழுத்துகளோட தொடர்) கதையேதான். 2006ல பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனப்போ, முகவரிப் பட்டியல்ல ஊர் பேரை மாத்தச் சொன்னாங்க. ரீப்ளேஸ் போட்டேன், எர்ரர் வரல, அச்சுக்குக் கொடுத்துட்டேன். கட்டுக் கட்டா கவர், எல்லாத்துலயும் பாண்டிச்சேரி. ஸ்ட்ரிங் மாறாது, ரீப்ளேஸ் புதுசா ஒண்ணு செஞ்சு கொடுக்கும், அதை நான் வாங்கி வெக்கல. வந்தானுக்குள்ள 'வ' ஆனாலும், வாசல்ல நின்னு கூப்பிடறப்போ 'வா' அப்படியே இருக்கில்ல? அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க.

திருப்பாதிரிப்புலியூர் டீச்சர்:
அவ போன வருஷமே பன்னிரண்டாவது முடிச்சுட்டா. அவங்க அம்மா நம்பர் இருக்கு. சாயங்காலம் கூப்பிடறேன்.