மன்னிப்புக் கேட்டும் அவர் பேசவில்லை, அடுத்து என்ன செய்வது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கூட வேலை செய்பவர் ஒருவரைப் பற்றி, உறுதியாகத் தெரியாத ஒன்றை நான்கு பேரிடம் பேசிவிட்டேன். அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஏழு மாதம் ஆகிறது. வேலை விஷயம் தவிர அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் போய் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்.

பைபிளில் மத்தேயு 5:23-24 என்னை விடவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, உன்மேல் குறை உள்ளவரோடு முதலில் போய் ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு என்கிறார் இயேசு. அதனால் உண்மை தெரிந்த வாரமே நேரில் போய், சாக்குப்போக்கு சொல்லாமல் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

அப்புறம் இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவை நினைத்தேன். அவன் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). சொன்ன சொல்லை எப்படித் திருப்பித் தருவது? அந்த நான்கு பேரிடமும் தனித்தனியாகப் போய், நான் சொன்னது பொய் என்றேன். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அவர்களில் ஒருவர் இதை அவரிடம் சொல்லியும் மாற்றம் இல்லை.

மத்தேயு 18:15-17 இங்கே பொருந்தாது. அது பாதிக்கப்பட்டவர், தவறு செய்தவரைத் தேடிப் போய்ப் பேசி, கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லும் வழி; இங்கே தவறு செய்தவன் நான். அவர் கிறிஸ்தவர் அல்ல, சபைப் பெரியவர்கள் மூலம் போகவும் முடியாது. தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன்.

இப்படி ஒரு நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: இன்னொரு முறை நேரில் போய்ப் பேசுவதா, அவராக வரும்வரை விலகி இருப்பதா?