சுரங்க மேட்டில் காற்றாலை: ஜெர்மனியில் நிலக்கரி ஊர்களில் இருப்பவர்களின் அனுபவங்கள்

சென்ஃப்டன்பெர்க்கிலிருந்து:

படிக்க வந்து, வேலையும் கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன். இது கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதி, பழுப்பு நிலக்கரிக்குப் பேர்போன மண். 1989 வாக்கில் இங்கே நிலக்கரியை நம்பி சுமார் 80,000 பேர் வேலை பார்த்தார்கள், இப்போது அதில் பத்தில் ஒரு பங்குதான். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் உள்ளூர்க்காரர்களிடம் காற்றாலையைப் புகழ ஆரம்பித்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

பக்கத்தில் கிளெட்விட்ஸ் மேடு இருக்கிறது. கரிக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டியே உருவான மேடு. 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே 38 காற்றாலைகள் வந்தன, பிறகு பழையவற்றை இறக்கிவிட்டு அவற்றைவிடப் பெரியதாக வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான வேலை மாதிரி தெரியும். ஆனால் கொட்டிய மண் உள்ளே இறுகியிருக்காது. சுரங்கம் ஓடியபோது இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்த நிலத்தடி நீர், சுரங்கம் மூடியதும் மெல்ல மேலே ஏறும், ஊறிய மணல் திடீரென்று குழம்பாகி ஓடிவிடும். 2010 அக்டோபரில் ஷ்ப்ரேட்டால் பக்கம் அப்படிப் பெரிய நிலப்பரப்பே சரிந்து, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மண்ணுக்குள் போயின. அதனால் இந்த மாதிரி நிலத்தில் அடித்தளம் போடும் முன் தரையை ஆழம் வரை இறுக்கியாக வேண்டும். கரி விட்டுப்போன நிலம் சும்மா கிடக்கிறது, காற்றாலை நடலாமே என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

கீழ் வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் மண் வாரும் எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். லிஷ்டர்ஃபெல்டில் நிறுத்தி வைத்திருக்கும், கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அப்புறப்படுத்தும் எஃப்60 என்ற ராட்சதப் பாலத்துக்கு என்னை அவர்தான் அழைத்துப்போனார். 502 மீட்டர் நீளம், அவ்வளவு பெரிய எந்திரம் ஓராண்டுக்குச் சற்று அதிகமாக ஓடி 1992இல் நின்றுவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால் தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். “ஓடட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள நாலு பேர் போதும். நாங்கள் ஒரு ஷிஃப்டுக்கு பஸ் பஸ்ஸாகப் போவோம்” என்றார்.

அவர் மகள் லவுக்ஹாமரில் காற்றாலை இறக்கை செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். கரியாலேயே வளர்ந்த அந்த ஊரில் 2002இல் அந்த ஆலை வந்தபோது, சரி, பிழைத்துக்கொண்டோம் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். 2021இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், 400க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அதுவும் இதே மாநிலத்தில் புதுக் காற்றாலைகள் வந்துகொண்டே இருக்கும்போது! கரி முடிந்தது புரிகிறது, இது ஏன் போனது என்று அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

நல்லதும் உண்டு. 2019இல் எங்கள் பிராண்டன்பர்க் மாநிலம் போட்ட சட்டம், புதிதாக வரும் ஒவ்வொரு காற்றாலைக்கும் ஆண்டுக்கு 10,000 யூரோ 3 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊராட்சிகளுக்குப் போக வழி செய்தது. அப்புறம் ஷிப்காவ் பக்கம் 300 மீட்டர் உயரத்தில் சுழலி வைக்கும் கோபுரம் ஒன்றின் வேலையை 2024இல் தொடங்கினார்கள். அவ்வளவு மேலே காற்று பலமாகவும் சீராகவும் வீசும், இப்போது இருக்கும் காற்றாலைகளின் தலைக்கு மேலேயே இன்னொரு அடுக்காக மின்சாரம் எடுக்கலாம் என்பது கணக்கு.

ஆகனிலிருந்து:

நீங்கள் சொல்வதற்கு நேர் எதிரான காட்சியையும் இந்த மேற்குப் பக்கத்தில் பார்த்தேன். 2023இல் கார்ஸ்வைலர் சுரங்கம் விரிவடைவதற்காகக் காயன்பெர்க் பக்கம் ஓடிக்கொண்டிருந்த காற்றாலையைக் கழற்றினார்கள். சுரங்கம் வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே இருந்த நிபந்தனைதான், இருந்தாலும் கரிக்காகக் காற்றாலையை இறக்குவதைப் பார்க்க வயிறு எரிந்தது. அதே சுரங்கம் தோண்டி முடித்து மூடிய பகுதியில், பெட்பர்க் ஊருக்கு அருகே, 21 காற்றாலைகள் 2015இலிருந்து ஓடுகின்றன. அதில் 49 சதவீதம் பெட்பர்க் நகராட்சியின் பங்கு. அங்கே தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தபோது காற்றாலையைக் காட்டி “எங்களுடையது” என்றார்.

சென்ஃப்டன்பெர்க்கிலிருந்து:

அந்த 49 சதவீதம்தான் எங்கள் பக்கம் வேண்டும். ஆண்டுக்கு 10,000 யூரோ வருவது நல்லதுதான், ஆனால் பங்கு இருந்தால் லாபத்திலும் உரிமை உண்டு, முடிவெடுக்கும்போது ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். நகராட்சி அந்தப் பங்குக்கு முதல் பணத்தை எப்படித் திரட்டியது, கடனா, சேமிப்பா? உங்கள் நண்பரிடம் கேட்டு எழுதுங்கள். எங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் கேள்வி நேரத்தில் எழுப்பப் போகிறேன், கீழ் வீட்டுப் பெரியவரும் வருகிறேன் என்கிறார்.