குறுக்குக் காற்றில் சின்ன விமானம் இறங்கியதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஒரத்தநாட்டான்:
ஊர் வேண்டாம், விமானப் பயிற்சி கிளப்பின் பெயரும் வேண்டாம். தெற்கு வடக்காக ஓடும் ரன்வே, மேற்கேயிருந்து ஆடிக் காற்று. கூடப் படித்த பையன் செஸ்னா 172-இல் தனியாக வடக்கு நோக்கி இறங்கினான். இடது இறக்கையைக் காற்றுப் பக்கம் சாய்த்து, முதலில் இடது சக்கரம், அப்புறம் வலது. அழகாக உட்கார்ந்தது. நாங்கள் கைகூடத் தட்டிவிட்டோம். அப்போதுதான் இடது இறக்கை எழும்பியது. மெதுவாகத்தான். அதன் அடிவயிறு முழுக்க, எண்ணெய்க் கறை உட்பட, எங்களுக்குத் தெரிந்தது. வலது நுனி தாரில் உரசி, மூக்கு இடப்பக்கம் திரும்பி, ப்ரொப்பல்லர் தரையில் அடித்து வளைந்தது. பையனுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் உட்கார்ந்த விமானம் எப்படி எழும்பும்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

திருவாரூர்க்காரர்:
தம்பி, காற்றைக் குற்றம் சொல்லாதீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருஷா வருஷம் வருவதுதானே? நான் போன விமானம் ஒருமுறை இறங்காமல் மேலேறிச் சுற்றி வந்தது, என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இதைக் கேளுங்க. திருச்சி ரன்வே 09/27, கிழக்கு மேற்கு. அங்கே இதே மேற்குக் காற்று ஏறக்குறைய நேர் எதிரே வரும், இறங்க வசதி. 20 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்று ரன்வேக்கு 30 டிகிரி சாய்வாக வந்தால் குறுக்கே 10 நாட், 60 டிகிரி என்றால் 17, 90 என்றால் முழுசும். 172-க்குக் கையேட்டில் இருப்பது குறுக்கே 15 நாட். அதுவும் சோதனையில் இறக்கிக் காட்டிய அளவு. சக்கரம் பதிந்ததும் வேலை முடியாது. காற்றுப் பக்க இறக்கையை அமுக்கி வைப்பது ஏலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு; வேகம் குறையக் குறைய அதற்குப் பிடிப்பு போய்விடும். அதனால் கைப்பிடியைக் காற்றுப் பக்கமே மேலும் மேலும் திருப்பி, கடைசியில் முழுசாக வைத்திருக்க வேண்டும். பையன் நேராக்கியிருப்பான்.

மன்னார்குடி அக்கா:
சார், காற்று ஒரே சீராக அடித்தால் உங்கள் கணக்கு சரி. என் மகள் பயிற்சியில் இருக்கிறாள். 12 நாட், கஸ்ட் (திடீரென வீசும் வேகக் காற்று) 22 என்று டவரில் சொன்னால் 22-ஐ வைத்துத்தான் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்காமலே பையன்மேல் பழி போடாதீங்க.

ஒரத்தநாட்டான்:
அன்றைக்கு கஸ்ட் இருந்தது அக்கா. கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது என்றுதான் விசாரித்தவர்களும் முதலில் கேட்டார்கள், சார். அவனுக்கு நினைவில்லை.