மூக்கில் அடிபட்டு மூன்று வாரம், அடைப்பு மட்டும் விடவில்லை

மிளகுக்கொடி, ஏற்காடு:
மிளகு பறிக்கும்போது சில்வர் ஓக் மரத்தில் சாய்த்திருந்த மூங்கில் ஏணி வழுக்கி நேராக மூக்கில் அடித்துவிட்டது. ரத்தம் பத்து நிமிடத்தில் நின்றது, வீக்கமும் ஒரு வாரத்தில் வடிந்தது, வெளியே கோணலும் தெரியவில்லை. ஆனால் இடது பக்கம் அடைப்பு போகவே இல்லை. படுத்தால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்கிறது, விடியற்காலைப் பனியில் தொண்டை காய்ந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மருந்துக் கடையில் கொடுத்த சைலோமெட்டாசோலின் சொட்டு போட்டால்தான் கொஞ்ச நேரம் தூக்கம். சேலத்துக்கு இறங்கி டாக்டரைப் பார்க்க வேண்டுமா, தானாகச் சரியாகுமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
அண்ணா, அந்தச் சொட்டு எத்தனை நாளாக?

மிளகுக்கொடி, ஏற்காடு:
முதல் நாளிலிருந்தே. இப்போது ராத்திரிக்கு மட்டும் மூன்று தடவை.

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்படியென்றால் பாதி அடைப்பைத் தருவதே அந்த பாட்டில்தான். நாலைந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் உள்சதை முன்பைவிட அதிகமாக வீங்கும், நாமும் அடைப்பு என்று மறுபடி ஊற்றுவோம். எனக்கு கிரிக்கெட் பந்து பட்டபோது இரண்டு மாதம் அது தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்து, முதலில் ஒரு பக்கம் மட்டும் சொட்டை நிறுத்தச் சொன்னார். நாலு ராத்திரி ரொம்பக் கஷ்டம், அப்புறம் திறந்துவிட்டது. கூடவே உப்புத் தண்ணீரில் கழுவுங்கள், கால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு. தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ அப்படியே வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலி, அம்மாப்பேட்டை:
தம்பி, சொட்டை விட்டாலும் ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும். அடிபட்டால் மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டிக்கொள்ளும், சிவப்பாகவோ நீலமாகவோ மெத்தென்று புடைத்திருக்கும். அதை ஓரிரு நாளிலேயே எடுக்காவிட்டால் குருத்தெலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் அழுகி, மூக்குத்தண்டு பள்ளமாகிவிடும். உங்களுக்கு ஒரே பக்கம் நிற்பதால் சுவர் நகர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எலும்பை அறுக்காமல் நிமிர்த்துவதெல்லாம் முதல் இரண்டு வாரத்துக்குள், அது தாண்டிவிட்டது. சுவர் வளைந்திருந்து தொந்தரவு தொடர்ந்தால் பிறகு ஆபரேஷன் செய்து சரிசெய்யலாம், அவசரமில்லை. ஆனால் குனியும்போது பச்சைத்தண்ணீர் மாதிரி சொட்டினாலோ, காய்ச்சலோடு மூக்கு வலித்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள்.

மிளகுக்கொடி, ஏற்காடு:
அக்கா, டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கம் சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கிறது, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. வலியோ தண்ணீரோ இல்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். இன்று ராத்திரி வலது பக்கம் சொட்டு போடப் போவதில்லை.