கையால் அடித்த கத்தியை விற்கப் போகிறேன், மெருகேற்றலாமா?

உலைத்துருத்தி:

நண்பர்களே, என்னிடம் இருக்கும் ஒரு கத்தியைக் கத்தி பிரியர் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். செய்பவரிடமே சொல்லிச் செய்து வாங்கியது. 52100 ஸ்டீல், சம்மட்டியால் அடித்தது, அலகு ஐந்து அங்குலம், பித்தளை கார்டு (கை அலகுப் பக்கம் வழுக்காமல் தடுக்கும் துண்டு), பிடி டெசர்ட் அயர்ன்வுட் மரம், கார்டுக்கும் பிடிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஸ்பேசர், அதாவது இடைத்தகடு. தோல் உறையும் அவரே தைத்ததுதான். அலகில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஜே.எஸ். என்ற முத்திரை இருக்கிறது, அப்புறம் அவர் அதற்கு மேல்நிலையான மாஸ்டர் ஸ்மித் ஆகிவிட்டார்.

நான் கயிறும் பழமும் நறுக்கியதோடு சரி, சாணை பிடித்ததே இல்லை. ஆனால் அலகு சாம்பலும் நீலமுமாக நிறம் மாறியிருக்கிறது, கார்டை ஒட்டி ஒரு சின்னத் துருப்புள்ளியும் உண்டு. விற்கும் முன் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கலாமா? ஜே.எஸ். முத்திரைக்கு விலை கூடுமா? விலையை நானே சொல்ல வேண்டுமா, கேட்பவர்கள் சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? செய்தவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரோ என்றும் ஒரு யோசனை.

சாணைக்கல்:

சக்கரத்தின் பக்கமே போகாதீர்கள்.

52100 பேரிங் செய்கிற ஸ்டீல். அதில் குரோமியம் ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான், துருவைத் தடுக்க அது போதவே போதாது, அதனால் பழச்சாறு பட்டு நிறம் மாறுவது அதன் இயல்பு, சேகரிக்கிறவர்கள் இதைக் குறையாக எண்ண மாட்டார்கள். மெருகேற்றிய கத்தி என்று தெரிந்தால்தான் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். ஏனென்றால் செய்தவர் எமரித் தாளைக் கட்டையில் சுற்றி, கார்டிலிருந்து முனை வரை ஒரே திசையில் இழுத்து இழுத்துக் கொண்டுவந்த அந்த மெல்லிய கோடுகள்தான் அவருடைய கைவேலை. சக்கரம் முதலில் அதைத்தான் தின்னும். அலகின் சரிவு தொடங்கும் இடத்தில் இருக்கும் சுத்தமான விளிம்பு மழுங்கும், முத்திரை ஆழம் குறையும், மெல்லிய கூர்ப்பகுதி சூடேறிப் பதம் இறங்கினாலும் இறங்கும். கத்தியைக் கையிலிருந்து பிடுங்கி வீசுவதும் அந்தச் சக்கரத்துக்குப் பழக்கம், பட்டறைக்காரர்களே பயந்துதான் நிற்பார்கள்.

துருப்புள்ளியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்து மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். போனால் போகட்டும், போகாவிட்டால் அப்படியே படம் எடுத்துப் போடுங்கள். முக்கியமாக, கத்தியை உறையில் போட்டு வைத்திருந்தால் இப்போதே வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் இருக்கும், பித்தளையும் பச்சையாகிவிடும். உறை தனி, கத்தி தனி.

பழையபட்டறை:

ஜே.எஸ். என்பது ஜர்னிமேன் ஸ்மித், 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி கொடுக்கும் தகுதி. சும்மா கிடைக்காது. தான் அடித்த கத்தியால் தொங்குகிற ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும், மரச்சட்டத்தை வெட்ட வேண்டும், அதற்குப் பிறகும் அதே கூர் கைமுடியை மழிக்க வேண்டும், கடைசியில் வைஸ் என்ற இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள், இரண்டாக ஒடியக் கூடாது. இதெல்லாம் முடிந்தபின் வேறு ஐந்து கத்திகளை நடுவர்கள் முன் வைத்து நேர்த்திக்காகத் தேற வேண்டும். மாஸ்டர் ஸ்மித் (எம்.எஸ்.) ஆவதற்கும் இதே வழிதான், ஆனால் டமாஸ்கஸில், அதாவது ஸ்டீலை அடுக்கடுக்காக அடித்து ஒட்டிய அலகில்; அந்த ஐந்தில் ஒன்று குறைந்தது 300 அடுக்குகள் கொண்ட டேகராக (இருபுறமும் கூருள்ள குத்துவாளாக) இருக்க வேண்டும்.

ஆக உங்கள் கேள்விக்கு: பொதுவாக எம்.எஸ். முத்திரைக்குத்தான் விலை அதிகம். அவருடைய ஆரம்பகால வேலை வேண்டும் என்று தேடுகிற ஆள் கிடைத்தால் ஜே.எஸ்.ஸுக்கும் மவுசு உண்டு, ஆனால் அப்படி ஒருவர் வருவார் என்று நம்பி விலையை ஏற்றி வைக்காதீர்கள். விளம்பரத்தில் "மாஸ்டர் ஸ்மித் செய்த கத்தி" என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. ஜே.எஸ். ஆக இருந்தபோது செய்தது என்று முதல் வரியிலேயே போடுங்கள்.

வார்ப்பூட்டு:

விலையை நீங்களே சொல்லுங்கள் அண்ணே. "நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்று போட்டால் வேடிக்கை பார்க்கிறவர்கள் வருவார்கள், வாங்குகிறவர் வரமாட்டார். விலையை எப்படிப் பிடிப்பது என்றால், அதே ஆளின் கத்திகள் கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறின என்று பாருங்கள். கேட்கிற விலையை அல்ல, விற்ற விலையை. அவரிடம் இன்றைக்குச் சொன்னால் எவ்வளவு ஆகும், எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பதும் கணக்கில் வரும். ஆர்டரே எடுக்காத ஆள் என்றால் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே கிடைக்கலாம். யார் வேண்டுமானாலும் உடனே வாங்கலாம் என்றால் நீங்கள் கொடுத்த பணம் முழுசாகத் திரும்பாது, அதை ஏற்றுக்கொண்டுதான் விற்க வேண்டும்.

செய்தவரிடம் சொல்லிவிடுவது நல்லது. வருத்தமெல்லாம் இருக்காது, சிலர் தானே திரும்ப வாங்கிக்கொள்வார்கள், சிலரிடம் காத்திருப்போர் பட்டியலிலேயே ஆள் இருக்கும். வாங்கிய மறு வாரமே லாபத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் மேல்தான் அவர்களுக்குக் கோபம்.

படம் எடுக்கும்போது வெயிலில் வைக்காதீர்கள், ஜன்னல் ஓர வெளிச்சம் போதும். இரண்டு பக்கம், முதுகு, முத்திரை, உறையின் தையல், அப்புறம் அந்தத் துருப்புள்ளி நெருக்கத்தில். ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிக் கத்திக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம், இல்லாவிட்டால் அடுத்தவர் படத்தைத் திருடிப் போட்டிருக்கிறார் என்று சந்தேகம் வரும். அந்த வெள்ளை ஸ்பேசர் என்ன பொருள்? அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பழையபட்டறை:

அதைக் கேட்க வந்தேன். தந்தம் என்றால் கதையே வேறு. ஆப்பிரிக்க யானையையும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் சேர்க்க 1989இலேயே முடிவாகிவிட்டது, விற்பதற்காக எல்லை தாண்டி அனுப்புவது பெரும்பாலும் முடியாது, பல இடங்களில் உள்ளூரில் விற்பதும் குற்றம். அழிந்துபோன யானையினமான மாமத்தின் தந்தத்தைக்கூடச் சில இடங்களில் விற்கக் கூடாது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்பில் பழுப்பாகப் பொடிப்பொடிப் புள்ளிகளோ சிறு கீறல்களோ தெரியும். தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வளைகோடுகள் இருக்கும், யானையில் அவை அகலக் கோணத்தில், மாமத்தில் குறுகலாக. ஆனால் மெல்லிய ஸ்பேசரில் ஓரம் மட்டும்தானே தெரியும், அதனால் செய்தவரிடமே எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

உலைத்துருத்தி:

லென்ஸில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. செய்தவருக்கும் எழுதினேன், ஒட்டக எலும்பு என்று பதில் வந்துவிட்டது, திரும்ப வாங்குகிற எண்ணம் இல்லையாம், தாராளமாக விற்கச் சொன்னார். துரு எண்ணெயில் பாதி போயிற்று, மீதியைப் படம் எடுத்துவிட்டேன். இதற்குள் ஒருவர் தனிச்செய்தியில் வந்து, முதலில் கத்தியை அனுப்புங்கள், பிடித்திருந்தால் பணம் தருகிறேன் என்கிறார். எப்படி?

வார்ப்பூட்டு:

வேண்டாம். பிடிக்காவிட்டால், வந்த நிலையிலேயே இத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பினால் பணம் வாபஸ் என்று நீங்கள் வேண்டுமானால் சொல்லுங்கள், ஆனால் பணம் வந்து, கணக்கில் ஏறி, திரும்ப இழுக்க முடியாது என்று உறுதியான பிறகுதான் கத்தி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒழுங்கான ஆள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாணைக்கல்:

அனுப்பும் முன் இரண்டு ஊர்ச் சட்டத்தையும் கூரியர் விதியையும் பாருங்கள், கத்தியை எடுக்காத கூரியர்களும் உண்டு. அலகில் எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கெட்டி அட்டையை மடித்து முனைக்கு மேல் ஒரு அங்குலம் நீட்டி ஒட்டுங்கள், முனை பெட்டியைத் துளைத்துக்கொண்டு வந்தால் எடுக்கிறவர் கை போய்விடும். உறையைத் தனியாகச் சுற்றி அதே பெட்டியில் வையுங்கள். அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் காகிதம் அடையுங்கள். மதிப்பு முழுவதுக்கும் இன்சூரன்ஸ் போட்டு, டிராக்கிங் எண்ணை அன்றைக்கே வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள்.