குருத்தெலும்பு ஆபரேஷனுக்கு அப்புறமும் முழங்கால் வலி, உதவுங்கள்

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி வேலை, வயது 43. போன வருடம் ஜூனில் கோவையில் இடது முழங்காலுக்கு மைக்ரோஃபிராக்சர் செய்தார்கள், அதாவது குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில் எலும்பில் சிறு துளைகள் போட்டு, கசியும் மஜ்ஜை ரத்தத்திலிருந்து புதுத் திசு வளர விடுவது. டாக்டர் சொன்ன 6 வாரமும் காலை ஊன்றவே இல்லை. வலி மட்டும் போகவில்லை. ஏற்றத்தில் சமாளித்துவிடலாம், இறக்கத்தில்தான் மூட்டின் உள்பக்கம் சுருக்கென்று குத்துகிறது, சாயங்காலம் வீங்கிவிடுகிறது. எங்கள் ஊரில் சமதளத்துக்கு எங்கே போவது? காய்ச்சல், சிவப்பு இல்லை, கால் பூட்டிக்கொள்வதும் இல்லை.

பிசியோதெரபி, தொடைத் தசைப் பயிற்சி, ஐஸ், நீ கேப் எல்லாம் பார்த்தாயிற்று. வலி மாத்திரை வயிற்றைக் கெடுத்ததால் நிறுத்திவிட்டேன். மறுபடி எடுத்த எம்ஆர்ஐயில் துளை போட்ட இடம் பாதிதான் நிரம்பியிருக்கிறதாம். ஆபரேஷன் செய்தவர் பொறுக்கச் சொல்கிறார், இன்னொரு டாக்டர் மூட்டுக்குள் ஊசி போடலாம் என்கிறார். எல்லாம் மலைக்குளிர்தான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை நான் நம்பவில்லை, ஆனால் பனிக்காலத்தில் காலையில் விறைப்பு கூடுவது நிஜம்.

மைக்ரோஃபிராக்சருக்குப் பிறகு இப்படி வலி நீடித்து, இன்னொரு ஆபரேஷன் இல்லாமலே இறக்கத்தில் நடக்க முடிந்தவர்களுக்கு எந்தச் சிகிச்சை கைகொடுத்தது?